பெட்டிக்கு ஒரு கை குறையுது

நெதர்லாந்து
3.11.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

தம்பி பிரபாகரன் எழுதிக்கொள்வது. நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஜெயிலில் இருந்து எழுதுகிறேன். பயப்படாதே, அடி உதை எதுவும் கிடையாது. தனி அறை, கட்டில், டிவி எல்லாம் உண்டு. சோறுதான் இல்லை. ரொட்டியைத் தின்று தின்று வாய் செத்துப் போச்சு.

செப்டம்பர் மாதம் விசா விஷயமாக ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் என் பேரைத் தட்டிய பெண் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கூடவே ரெண்டு போலீஸ். இந்தியாவில் இருந்து என்னைத் தேடும் அறிவிப்பு இருக்கிறதாம். ஊரை விட்டு வந்த நாளில் இருந்து ரோட்டர்டாமில் மசாலா குடோனில் மூட்டை பார்த்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தவன் நான்.

இங்கே சர்க்காரே ஒரு வக்கீலம்மாவை வைத்துக் கொடுத்திருக்கிறது. நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார். இந்தியா கேட்டால் இந்த நாடு என்னைப் பிடித்துக் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் இங்கே கேஸ். அதற்கு அவர்கள் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கும் ஒப்பந்தம் 1898-ல் போட்டது. நம்மை ஆண்ட வெள்ளைக்கார சர்க்காரும் இந்த ஊர் ராணியும் போட்டுக்கொண்டது. போடியில் ஜமீன் இருந்த காலம் அக்கா. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய்விட்டான், அவன் போட்ட கையெழுத்து மட்டும் போகவில்லை. அதை வைத்து சிலமலைக்காரன் ஒருத்தனை உட்கார வைத்திருக்கிறார்கள்.

குரங்கணிக்கு மேலே நம் ஏலக்காய் ஸ்டோரில் நடந்தது விபத்து. அடுப்புக் குழாய் ஓட்டையாகி, காய் உலர்த்துகிற அறைக்குள் புகை இறங்கியதற்கு நான் என்ன செய்வேன்? வெளியே பூட்டு தொங்கியது என்ற ஒன்றை வைத்து, ராத்திரி உள்ளே இருந்து அடுப்பு பார்த்த ஈஸ்வரன் அண்ணனை நான் கொன்றதாக எழுதிவிட்டார்கள். அந்த வருஷம் ஏலக்காய் விற்ற விலைக்கு எந்த ஸ்டோர் பூட்டாமல் கிடந்தது, சொல்லு. சாவி என் சட்டைப் பையில் இருந்தது என்று நீ அப்போது போலீசிடம் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. உனக்கு மறைக்கத் தெரியாது. ஆனால் உள்ளே இன்னொரு சாவி இருந்தது என்று நான் சொல்வதையும் யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும் அல்லவா.

போனில் பேசினால் நீ திட்டுகிறாய், நான் அழுகிறேன். கடிதமே நல்லது. கார்த்திகா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மதுரையில் அவள் அம்மா வீட்டில் இருப்பதாகக் கேள்வி. என் கடிதங்களுக்குப் பதில் இல்லை. பெண்டாட்டியும் இல்லாமல் போனால் எனக்கு மிச்சம் நீ ஒருத்திதான். மாமாவைக் கேட்டதாகச் சொல். ஊரில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? ஒன்று விடாமல் எழுது.

உன் தம்பி,
பிரபாகரன்


சிலமலை
28.11.2024

தம்பி பிரபாவுக்கு அக்கா மகாராணி எழுதுறது.

உன் கடுதாசி வந்துச்சு. போஸ்ட்மேன் ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "யாரு, தம்பியா?"ன்னான். ஆமான்னேன். இந்நேரம் ராசிங்காபுரம் வரைக்கும் சேதி போயிருக்கும். ரொட்டின்னு மொனங்காத. காய்ச்சல் வந்தாத்தான் ரொட்டி வாங்கித் தருவாங்கன்னு பொய்க்காய்ச்சல் படுத்தவன்தான நீ. இப்ப ஆசை தீரத் தின்னு.

இங்க மழை நல்லாப் பேயுது. கொட்டக்குடி ஆத்துல செவச்செவன்னு தண்ணி. மாமாவுக்கு முட்டி வீங்கிப் போயி, உக்காந்தா எந்திரிக்க முடியலை, எந்திரிச்சா உக்கார முடியலை. வீட்டுக்குள்ள ஒரு போலீஸ்காரன் நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டே இருக்காரு. நம்ம ஸ்டோருக்குப் போலீசு வச்ச சீலு அப்படியே இருக்கு. ஜீப்பு டிரைவருக சொல்றாங்க, கூரைத் தகரத்துல பாதியைக் காத்து கொண்டு போயிருச்சாம். செடியெல்லாம் காடேறிக் கிடக்கு.

ஊர்ல என்ன பேசுறாங்கன்னு கேட்ட. உன்னைப் பத்திப் பேசுறதை விடப் பெட்டியைப் பத்தித்தான் பேச்சு. சிவராத்திரிக்குக் கோயிலுக்குத் தூக்கிப் போற நம்ம பொறந்த வீட்டுச் சாமி பெட்டி, பூசாரி மலைச்சாமி அண்ணன் வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. நாலு வகையறா பங்காளிகளும் ஆளுக்கொரு கை வச்சாத்தான் அது எழும்பும். நம்ம அப்பா வகையறாவுக்கு ஆம்பளைன்னு நீ ஒருத்தன்தான். நான் கட்டிக்கொடுத்த பொண்ணு, எனக்கு அந்தக் கோயில்ல பங்கு ஏது? அஞ்சு சிவராத்திரி போச்சு, பெட்டி எடுக்கலை. யாரு வீட்டுல மாடு செத்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், "பெட்டி எடுக்கலைல்ல"ங்கிறாங்க. பேசுற பேச்செல்லாம் என் காதுலதான் விழுகுது.

இதுல அந்தக் கிடா வேற. உனக்கு நெனப்பிருக்கா, அந்த வருஷம் சாமிக்குன்னு குட்டியா நேந்து விட்டாங்களே, அதுதான். பெட்டி எடுக்காம வெட்டக்கூடாது. கட்டி வைக்கவும் கூடாது. இன்னைக்கு அது கன்னுக்குட்டி ஒசரத்துக்கு நிக்கிது. யாரு தோட்டம்னு இல்லை, மேஞ்சிட்டுப் போகுது. போன வாரம் மாங்காய்க் குத்தகை பேச வந்த சவுகத் அலி அண்ணனோட புல்லட் சீட்டைத் தின்னுருச்சு. சாமி கிடான்னு மனுசன் ஒரு வார்த்தை சொல்லலை. கிழிஞ்ச சீட்டுலயே உக்காந்து போடிக்குப் போனாரு.

அதனால நீ மட்டும் வந்து எறங்கு, நேரா சாமி முன்னாலதான் கொண்டுபோயி நிறுத்துவாங்க, மறுசோலியெல்லாம் பெறகுதான். கத்தியை வருசா வருசம் தீட்டித் தீட்டி வைக்கிறாங்க, அதுவும் துருப்பிடிச்சுக்கிட்டே இருக்கு.

முனீஸ்வரியைக் கேப்பியோ மாட்டியோ, நானே சொல்லிடுறேன். புருசன் ஈஸ்வரன் செத்த பெறகு அவ மலைக்கு வேலைக்குப் போறதில்லை. தக்காளித் தோட்டத்துக்குப் போறா. நீ பிடிபட்ட சேதியை நான்தான் போயிச் சொன்னேன். "வரட்டும் மதினி, காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்"னா. அதுக்கு மேல நானும் கேக்கலை.

இன்னொரு சாவி இருந்துச்சுன்னு என்கிட்ட எழுதாத. அந்தப் பூட்டை வாங்கும்போது நானும்தான் போடி கடைவீதியில உன் கூட நின்னேன், அதுக்கு ஒரே சாவிதான். சட்டுனு குளிரு வர்ற ஊராம்ல அது. காதை மூடிக்க.

உன் அக்கா,
மகாராணி


நெதர்லாந்து
5.1.2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். கிடா கதையைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டி நலமா என்று கேட்டான்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தியாவில் இருந்து காகிதமெல்லாம் வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் இன்னின்ன குற்றத்துக்குப் பிடித்துக் கொடுக்கலாம் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஆளைச் சாகடித்தல் அதில் உண்டு. அந்தப் பக்கம் தப்பிக்க வழியில்லை என்கிறார் வக்கீலம்மா. வேறொரு வழி இருக்கிறது. திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் இந்த நாட்டுக் கோர்ட் அனுப்பாது. ஒப்பந்தம் வெள்ளைக்காரன் போட்டதாக இருந்தாலும் சரி, வேறு எவன் போட்டதாக இருந்தாலும் சரி, அனுப்ப மாட்டார்கள்.

நீ எனக்காக ஒரு கடிதம் எழுத வேண்டும். கோர்ட்டுக்கு. "என் தம்பி ஊருக்கு வந்தால் ஈஸ்வரனின் ஆட்கள் வெட்டிவிடுவார்கள், போலீசால் தடுக்க முடியாது" என்று எழுதினால் போதும். கூடப்பிறந்த அக்கா எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம். இதனால் அங்கே யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. இங்கே ஒரு ஃபைலுக்குள் கிடக்கும், அவ்வளவுதான். எனக்கு ஐம்பது நெருங்குகிறது அக்கா. பத்து வருஷம் உள்ளே போட்டால் நான் வெளியே வருவேனா?

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. அப்பா சொல்வாரே, நம் பூட்டன் ஒருத்தரை வெட்டிவிட்டுக் குரங்கணி வழியாக மலையேறிய கதை. மேலே திருவிதாங்கூர் ராஜா சீமை, கீழே வெள்ளைக்காரன் சீமை. போடிப் போலீஸ்காரன் எல்லைக்கல் வரைக்கும் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவானாம். வெள்ளைக்காரன் ராஜாவுக்கு எழுத, ராஜா திவானுக்குச் சொல்ல, திவான் தாசில்தாருக்கு எழுத, அதற்குள் பூட்டன் காட்டைத் திருத்தி ஏலச்செடியே போட்டுவிட்டார். எனக்கும் அந்த மாதிரி ஒரு எல்லைக்கல் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வெரசா எழுது. மார்ச்சுக்குள் கையில் கிடைக்க வேண்டும்.

பாசமுள்ள தம்பி,
பிரபாகரன்


சிலமலை
2.2.2025

பிரபாவுக்கு,

பூட்டன் கதையைப் பாதியில நிறுத்திட்ட. மீதியையும் அப்பா சொன்னாரே, நீ தூங்கிப் போயிருப்ப. ராஜா போலீசும் அவரைப் பிடிக்கலை, வெள்ளைக்காரன் போலீசும் பிடிக்கலை. மழையும் அட்டைக்கடியும் தாங்க முடியாம அவராத்தான் எறங்கி வந்து போடி ஸ்டேசன் வாசல்ல உக்காந்தாரு. ஏட்டய்யா சாப்பிடப் போயிருக்காரு, அப்புறமா வான்னு சொன்னாங்களாம். இல்லை, இப்பவே உள்ள வையுங்கன்னு அடம் பிடிச்சாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

நீ கேட்ட கடுதாசியை நான் எழுத மாட்டேன். கோவப்படு, பரவாயில்லை.

யாரு உன்னை வெட்டுவா? ஈஸ்வரனுக்கு ஆளுகன்னு யாரு இருக்கா? அண்ணன் இல்லை, தம்பி இல்லை. நம்ம பங்காளிகதான் அவனுக்கும் பங்காளிக. அவனுக்கு ஆளுன்னா முனீஸ்வரி ஒருத்திதான். போன மாசம் மாமாவை மதுரைக்குக் கூட்டிப் போயி முட்டி ஆபரேசன் பண்ணுனேன். உனக்கு எழுதலை, நீ அங்க இருந்துக்கிட்டு என்ன பண்ணப் போறன்னு. நான் ஆஸ்பத்திரியில கிடந்த அத்தனை நாளும் என் மாட்டுக்குத் தண்ணி காட்டி, பாலைப் பீச்சி, பாலு காசைச் சொம்புக்குள்ள போட்டு வச்சிருந்தவ அவதான். அவ உன்னை வெட்டப் போறான்னு நான் எழுதணுமா? எந்தக் கையால எழுத?

ஃபைலுக்குள்ள கிடக்கும், யாருக்கும் கெடுதல் இல்லைங்கிற. பூட்டுனா யாருக்கும் கெடுதல் இல்லைன்னுதான் அன்னைக்கும் நெனச்ச.

எனக்கு உன் மேல ஆசை இல்லாம இல்லைடா. சிவராத்திரி வரப்போகுது. இந்த வருசமும் பெட்டி அங்கதான். நீ உள்ள கிடக்கியேன்னு சோத்துல கை வைக்கும்போதெல்லாம் உன் ரொட்டி நெனப்பு வருது. ஆனா இதைக் கேக்காத. வேற என்ன வேணும்னாலும் கேளு. ஊறுகாய் அனுப்பலாமான்னு போஸ்டாபீசுல கேட்டேன், ஜெயிலுக்கு முடியாதுங்கிறாங்க. அங்க விசாரிச்சு எழுது.

உன் அக்கா,
மகாராணி


நெதர்லாந்து
20.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வருத்தம்தான், ஆனால் உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. நீ ஒன்றும் எழுத வேண்டாம். வக்கீலம்மா வேறு ஏற்பாடு செய்துவிட்டார். நம்பிக்கையாக இருக்கிறார்.

மாமாவுக்கு ஆபரேஷன் ஆனதைச் சொல்லாமல் விட்டாயே. இப்போது நடக்கிறாரா? படிக்கட்டு ஏறச் சொல்லாதே.

மே மாதம் விசாரணை. அதன் பிறகு விவரமாக எழுதுகிறேன். ஊறுகாய் அனுப்ப முடியாது, விசாரித்துவிட்டேன்.

தம்பி,
பிரபாகரன்


சிலமலை
9.6.2025

பிரபாகரனுக்கு,

மூணு நாளைக்கு முன்னால மதுரையில இருந்து ரெண்டு அதிகாரிக வந்தாங்க. ஒருத்தர் தேச்ச சட்டை போட்டுக்கிட்டு நல்ல பேச்சு பேசுறவரு, இன்னொருத்தர் எழுதுறவரு. நம்ம ஊர்க்காரங்க உன்னைக் கொல்லப் போறோமா இல்லையான்னு விசாரிக்க வந்திருக்காங்க. ஆமா, அதைத்தான் கேட்டாங்க. மலைச்சாமி அண்ணன்கிட்ட, "கோயில்ல நரபலி உண்டா?"ன்னு கேட்டாங்க. அந்த மனுசன் கோழி அறுத்தாலே வேற பக்கம் திரும்பிக்கிறவரு.

அப்புறம் என் வீட்டுக்கு வந்து, உன் கோர்ட்டுல கொடுத்ததைத் தமிழ்ல எழுதுன காகிதத்தை எடுத்துப் படிச்சாங்க. நீயும் கேளு. "உள்ளூர்த் தெய்வத்தின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதற்காக ஆண்டுதோறும் கத்திகள் தீட்டி வைக்கப்படுகின்றன. இறந்தவரின் மனைவி முனீஸ்வரி, அவர் வரட்டும், காத்துக்கொண்டிருக்கிறேன் என்று கூறியுள்ளார். தகவல் தந்தவர், தேடப்படுபவரின் சொந்தச் சகோதரி."

என் கடுதாசிடா அது. நான் உனக்கு எழுதுனது. உனக்குச் சிரிப்பு வரட்டும்னு எழுதுனது. கத்தி இருக்கு, சாமி இருக்கு, கிடாயை மட்டும் காணோம். கிடாயை வசதியா அவுத்து விட்டுட்ட. அந்த வக்கீலம்மாவுக்குத் தெரியாது, பாவம், அவ வேற ஊரு. உனக்குமா தெரியாது? ஒரு வரியைப் படிச்சுட்டு அடுத்த வரியை விரல் வச்சு மறைச்சியா? தனியாச் சிரிச்சேன்னு எழுதுனியே, எதைப் பாத்துச் சிரிச்ச?

அதிகாரிக போன பெறகு முனீஸ்வரி வந்தா. தோட்டத்துல இருந்து நேரா வந்திருக்கா, சேலையெல்லாம் தக்காளிச் செடி வாடை. "நான் வெட்டுவேன்னு எழுதுனீங்களா மதினி?"ன்னா. சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். இல்லைத்தா, நான் எழுதுனது இப்படி இல்லைன்னேன். "காத்துக்கிட்டு இருக்கேன்னு நான் சொன்னது நெசந்தான். நீங்க அதைச் சொல்லுவீங்கன்னு நெனைக்கலை"ன்னுட்டுப் போயிட்டா. காப்பி வச்சது அப்படியே ஆறிக் கிடந்துச்சு.

ரெண்டு நாளா கடைக்குப் போனா பேச்சு நின்னு போகுது. இத்தனை வருசத்துல உன்னால எனக்கு எவ்வளவோ பேச்சு. கொலைகாரன் அக்கான்னு ஒரு தடவை கூட யாரும் சொன்னதில்லை. இப்பவும் சொல்லலை. ஊரையே கொலைகார ஊருன்னு எழுதுனவளாப் பாக்குறாங்க. சீ, போடா. நான் எழுதுனதுக்கே என்னை வெக்கப்பட வச்சுட்ட.

அதிகாரிக திரும்ப வருவாங்களாம். உனக்கு இங்க ஆபத்து ஒண்ணும் இல்லைன்னு ஊர்ல இருந்து எழுதி வாங்கி, டில்லிக்கு அனுப்பி, அங்க இருந்து உன் கோர்ட்டுக்குப் போகணுமாம். வரட்டும்.

மகாராணி


நெதர்லாந்து
4.7.2025

அக்கா,

நீ திட்டினது அத்தனையும் நியாயம். காலில் விழச் சொன்னால் விழுகிறேன். ஆனால் என் இடத்தில் இருந்து கொஞ்சம் பார்.

வக்கீலம்மா ஊரிலிருந்து ஏதாவது கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். மொழிபெயர்ப்பவர் அவருக்குத் தெரிந்ததை எழுதினார். கிடாயைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முங்குகிறவன் எதைப் பிடிக்கிறோம் என்றா பார்ப்பான்? நீ எழுதித் தந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

இப்போது ஒன்று மட்டும் செய். அதிகாரிகள் திரும்ப வந்தால் முனீஸ்வரி மதினி எதிலும் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள். ஊர் ஆட்கள் ஆயிரம் பேர் போட்டாலும் பரவாயில்லை. ஆபத்து யாரிடம் இருந்து என்று காட்டியிருக்கிறோமோ, அவரே இல்லை என்று எழுதிக் கொடுத்தால் என் கேஸ் அதோடு முடிந்தது. அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் செய்கிறேன். தோட்டத்தையே எழுதிக் கொடுக்கிறேன்.

என்னைக் கொலைகாரன் என்று நீயும் நினைக்கிறாயா? அன்றைக்கு அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. அண்ணனும் நானும் ஒன்றாகத்தான் டீ குடித்தோம். "காலையில வெரசா வந்து தெற"ன்னு சொன்னார். நான் ஏலக்காயைத்தான் பூட்டினேன் அக்கா. அவரைப் பூட்டவில்லை.

பதில் போடு.

பிரபா


சிலமலை
12.10.2025

தம்பி பிரபாவுக்கு,

பதில் போடக் கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து இன்ஸ்பெக்டர் போன் பண்ணாரு. உன்னை அனுப்பச் சொல்லி அங்க கோர்ட்டு உத்தரவு போட்டிருச்சாம், மேல எந்தக் கோர்ட்டுலயும் எடுக்கலையாம். கெளம்புறதுக்குள்ள இது உன் கையில கிடைக்குமோ என்னமோ. கிடைக்கலைன்னா திரும்பி என்கிட்டயே வரும், அப்ப நேர்ல படிச்சுக் காட்டுறேன்.

முனீஸ்வரியைத் தடுக்கச் சொன்ன. நான் தடுக்கலை. தள்ளியும் விடலை. நீ அவளைப் பத்தி எழுதுனதை அப்படியே அவகிட்டப் போயிச் சொன்னேன், தோட்டம் எழுதித் தர்றேன்னதையும் சேத்து. ஒளிச்சு வச்சு நான் என்ன பண்ண? அவ தக்காளிக்கூடையில சாக்குத் தைச்சுக்கிட்டு இருந்தா. தலையை நிமிர்த்தலை. "அந்தத் தோட்டத்துக்கு நான் ஏறுவேனா மதினி"ன்னு மட்டும் கேட்டா.

அதிகாரிக ஆவணியில வந்தாங்க. கோயில் முன்னால உக்காந்து, பங்காளிக எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. இவ முறை வந்தப்ப, எழுதுறவரு தயாரா எழுதி வச்சிருந்ததைப் படிச்சாரு. "மேற்படி நபருக்கு என்னாலோ என்னைச் சார்ந்தவர்களாலோ எவ்விதத் தீங்கும் நேராது." இவ, "அது வேணாம் சார், நான் சொல்றதை எழுதுங்க"ன்னா. நல்ல பேச்சு பேசுறவரு, சரி சொல்லும்மான்னாரு. சொன்னா. எனக்கு ஒரு வார்த்தை விடாம நெனப்பிருக்கு.

"அவரு மேல ஒரு கீறல் விழுந்தாலும் நான் ஜவாப்பு. அவரு முழுசா வரணும். முழுசா நின்னு, எதுக்குப் பூட்டுனேன்னு சொல்லணும். அதுக்கு அவரு உசுரோட வேணும். எனக்குத்தான் வேணும், வேற யாருக்கும் அவ்வளவு வேண்டாம்."

அவரு அதை அப்படியே எழுதிக்கிட்டாரு. கையெழுத்துப் போட்டுட்டு அவ என் பக்கத்துல வந்து நின்னா. நான் தள்ளி எடம் விட்டேன்.

பெட்டி விசயத்தையும் முடிச்சுட்டாங்க. மலைச்சாமி அண்ணன்தான் பேசுனாரு. சாமி பேரைச் சொல்லியே நம்மளக் கொலைகாரங்களாக் காட்டுனவன் கைக்கு இனி எதுக்குக் காத்திருக்கணும்னு கேட்டாரு. யாரும் மறுக்கலை. வர்ற சிவராத்திரிக்கு மூணு வகையறா கையோட பெட்டி எழும்பப் போகுது. நான் பொம்பளைகளோட தள்ளி உக்காந்திருந்தேன். நம்ம அப்பா பேரு இனிமே அந்தக் கோயில்ல இல்லைன்னு ஆகிப்போச்சு. இத்தனை வருசம் உனக்காக ஊரே நின்னுச்சுடா. அதை நீ அங்க என்னன்னு சொல்லியிருக்க.

ஏலக்காயைத்தான் பூட்டுனேன், அவரைப் பூட்டலைன்னு எழுதியிருந்த. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அழுகை வந்துச்சு. ஈஸ்வரன் செத்ததுல இருந்து நீ சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம். இன்னொரு சாவி, விபத்து, வெட்டுவாங்கன்னு எத்தனை சுத்து சுத்துன. காயைக் காக்குற நெனப்புல, உள்ள ஒரு உசுரு இருக்குங்கிறது உனக்குப் பெருசாத் தெரியலை. நீ கெட்டவன் இல்லைன்னு நெனைக்க எனக்கு அது போதும். முனீஸ்வரிக்கு அது போதாது. போதக்கூடாது.

அந்தக் கடுதாசியை நான் யாருகிட்டயும் கொடுக்கலை, அந்த ஒரு வரியை மட்டும் முனீஸ்வரிகிட்டக் கூடச் சொல்லலை. அதிகாரிக கேட்டாங்க, தம்பி ஏதாச்சும் எழுதுனானான்னு. அவன் எனக்கு எழுதுனது எனக்குன்னுட்டேன். ஒருத்தருக்கு எழுதுனதை எடுத்துக் கோர்ட்டுல வைக்கிற வேலையை நம்ம வீட்டுல ஒரு ஆளு செஞ்சது போதும். அதை நீயே வந்து, உன் வாயால, அவ முகத்தைப் பாத்துச் சொல்லு.

கார்த்திகாவுக்குப் போன் பண்ணிச் சேதி சொன்னேன். சரிங்க அண்ணின்னு வச்சுட்டா. அதுக்கு மேல நான் கேக்கலை.

உன்னை மதுரை ஜெயில்ல வைப்பாங்களாம், கேஸு தேனி கோர்ட்டுல நடக்குமாம். பாக்குறதுக்கு மனு போடணும்னு சவுகத் அலி அண்ணன் விசாரிச்சுச் சொன்னாரு. உள்ள சோறு கொண்டுபோக விடமாட்டாங்கன்னாரு, வாழைப்பழம் விடுவாங்களாம். வாரா வாரம் வர்றேன். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுற அன்னைக்குக் கோர்ட்டுக்கும் போவேன். சாவி உன் சட்டைப் பையில இருந்துச்சு, ஒரே சாவிதான்னு சொல்லுவேன். அதுக்காக நீ என்னைப் பாக்க வரமாட்டேன்னு சொன்னாலும் வந்து வாசல்ல நிப்பேன்.

ரெண்டுக்கும் போடியில இருந்து ஒரே மதுரை பஸ்சுதான். தேனியில எறங்குனா சாட்சி சொல்ல, எறங்காம உக்காந்திருந்தா உன்னைப் பாக்க.

உன் அக்கா,
மகாராணி